வலி போகாத வீட்டில் ஸ்தோத்திர ஜெபம்

அத்தியாயம் 14

“‘வலி கொறஞ்சிருக்கு’ன்னு சொன்னா போராது. ‘வலி போச்சு’ன்னு சொல்லணும்.”

“போகல்லியே மைனி.”

“போவும். மொதல்ல வாயால சொல்லு. ஒடம்பு பின்னால வரும்.”

“வராட்டா?”

“ஏட்டி, ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்கு? நானா எழுதினேன்? ஒன்னைப் படுக்க வச்சு உள்ள தள்ளி, மூச்சப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லி, அவ்வளவு பெரிய மெஷின் பாத்துச் சொன்னது. நார்மல். அந்த மெஷினுக்கு இல்லாத அறிவு ஒனக்கு எங்கேருந்து வந்துது?”

நேசபாய் ஏத்தன்பழத்தை நீளமாகக் கீறி, மாவில் முக்கி, எண்ணெயில் விட்டாள். சாயங்காலம் முப்பது பேர் வருவார்கள். ஆளுக்கு இரண்டு பழம்பொரியாவது வேண்டும். காலை பத்து மணிக்கே அடுக்களை முழுக்க எண்ணெய்ப் புகை.

ஜெஸ்பின் மேசை ஓரம் நின்றபடி பழத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். உட்கார முடியாது. உட்கார்ந்தால் வயிறு மடியும். மடிந்தால் அது விழித்துக்கொள்ளும். நைட்டியின் வலப்பக்கத்தைக் கொஞ்சம் இழுத்து மடித்து, துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்திருந்தாள். அந்த இடத்தில் மட்டும் துணி உடம்பைத் தொடாமல் ஒரு சின்னக் கூடாரம் போல நின்றது.

“அந்தக் கிளிப்ப எடு மக்கா,” என்றாள் நேசபாய், குரலைத் தாழ்த்தி. “ஆளுவ வரும்போ இதோட நிக்காத. சொகமானவ மாதிரி நில்லு.”

தொப்புளுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, உள்ளங்கை அளவு இடம். நாலு மாதம் முன்பு, பள்ளி வேனுக்கு ஓடிய மகள் அஜிஷாவிடம் சாப்பாட்டுப் பையை எட்டிக் கொடுத்த ஒரு காலையில் அங்கே முதல் தடவையாகச் சுரீரென்றது. பிறகு அந்த இடம் ஜெஸ்பினுடையதாக இல்லை. அதற்கென்று ஒரு தனி வானிலை வந்துவிட்டது. வீடு முழுக்கப் புழுங்கும்போது அங்கே மட்டும் ஈரத்துணி ஒட்டியதுபோல் குளிரும். தண்ணீர் பட்டால் சுடும். சில மத்தியானங்களில் தோலுக்கு அடியில் எறும்புகள் வரிசையாகப் போகும். தொட்டுப் பார்த்தால் மரத்துக் கிடக்கும். சேலை நுனி உரசினால் போதும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இரத்தம், சிறுநீர், ஸ்கேன், வாய் வழியாக விட்ட குழாய், பெண்கள் டாக்டர், கடைசியாக அந்தப் பெரிய ஸ்கேன். எல்லாமே நார்மல். நர்சரிப் பள்ளி வேலையை விட்டாயிற்று. ஒரு டாக்டர், “வீட்டுக்காரர் வெளிநாடா?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் எல்லாம் புரிந்தவர்போல் தலையாட்டி, தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

கணவன் எபிசன் மஸ்கட்டிலிருந்து அவசர லீவு போட்டு வந்ததும், பத்து நாளுக்கு முன்னால் அந்தக் கடைசி ரிப்போர்ட்டைப் பிரித்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுததும் போன வாரக் கதை. அவனுக்கும் நேசபாய்க்கும் வயிறு என்றால் ஒரே அர்த்தம்தான். அவர்களுடைய அம்மா வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கிய ஐந்தாவது மாதம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவள். அதனால் நார்மல் என்ற சொல்லை அக்காளும் தம்பியும் உயிர்ப்பிச்சையாக வாங்கிக்கொண்டார்கள். நேசபாய் பெண்கள் சங்கத்துச் செயலாளர். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். கைகூப்பிய பொம்மைகள் அறுபத்துமூன்று வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அறிவித்தார்கள்: சனிக்கிழமை ஐந்து மணிக்கு எபிசன் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம்.

ஸ்தோத்திர ஜெபம் என்றால் சுகம் கிடைத்தவர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

“ஜெபத்த அடுத்த மாசத்துக்கு மாத்தினா என்ன மைனி?”

நேசபாய் கரண்டியை வைத்தாள்.

“அடுத்த மாசம் அவன் இங்க இருப்பானா? திங்கக்கிழம விமானம். அவன் மனசு நெறஞ்சு போணும். ஏட்டி, நான் மூணு வெள்ளிக்கிழம பச்சத்தண்ணி குடிக்காம ஒனக்காகக் கெடந்தேன். ஷுகர் மாத்திரையும் போடல்ல. ஒங்கிட்டச் சொன்னேனா?”

சொல்லவில்லை. ஜெஸ்பினுக்கு அது இப்போதுதான் தெரியும். நேசபாயின் கண்கள் எண்ணெய்ப் புகையில் சிவந்திருந்தன. புகைதானா என்று தெரியவில்லை.

“எங்க அம்மைக்கும் கெடந்தேன்,” என்றாள் நேசபாய். “அப்ப கேக்கல்ல. இப்ப கேட்டுட்டாரு. நீ அதை இல்லன்னு சொல்லிப்போடாத மக்கா.”

*

எபிசன் படுக்கையறைத் தரையில் சம்மணமிட்டு அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் சிப்ஸ், அச்சப்பம், குளச்சலிலிருந்து வாங்கிய கருவாடு.

“கருவாட்ட நாலு கவர்ல சுத்தியாச்சு,” என்றான் அவளைப் பார்த்து. “போன தடவ ரெண்டு கவர்தான். விமானம் எறங்குததுக்கு முன்ன எனக்குப் பக்கத்துல இருந்தவனெல்லாம் என் ஊரைக் கேட்டுட்டான்.”

அவள் சிரித்தாள். சிரிப்பும் வயிற்றில்தான் போய் முடிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

“செவ்வாக்கிழம காலம்பற சைட்டுல நிக்கணும். என் கசேரில ஒருத்தனத் தற்காலிகமா இருத்தியிருக்கானுவ. நல்ல வேலக்காரன். அதான் பயம். ஒருநா பிந்தினாலும் அவன் எந்திக்க மாட்டான்.”

“ம்.”

“ரிப்போர்ட்ட ஃப்ரேம் போட்டு முன்ரூம்புல மாட்டிருவோமா பிள்ளே? கல்யாணப் போட்டோவ எடுத்துட்டு?”

“மாட்டுங்க. கல்யாணப் போட்டோவுல மாதிரி அதுல நீங்க முழிச்சிட்டு நிக்க மாட்டிய.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். வந்த நாளிலிருந்து இப்படிச் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அவன் ஃபோனில் என்னென்ன நோய்களைத் தேடினான் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் அவன் தூங்கும்போது எடுத்துப் பார்த்தாள். எத்தனை மாதம், எத்தனை மாதம் என்றே எல்லாக் கேள்விகளும் முடிந்திருந்தன.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த ஸ்கேனுக்குள் படுத்திருந்தபோது அவளும் ஜெபித்தாள். ஆண்டவரே, ஏதாவது ஒன்று தென்படட்டும். சின்னதாக ஒரு கல். ஒரு கட்டி. பெயர் உள்ள ஏதாவது ஒன்று. வீடு முழுக்க ஒன்றுமே இருக்கக் கூடாது என்று மன்றாடிக்கொண்டிருந்தபோது, இவள் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். ரிப்போர்ட் வந்தபோது எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அவளுக்கோ, கடலுக்குள் போன படகிலிருந்து கரையைப் பார்த்துக் கத்துவது போலவும், கரையில் நிற்பவர்கள் சந்தோஷமாகக் கையசைப்பது போலவும் இருந்தது.

“நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றாள்.

“சொல்லு.”

“சாயங்காலம் நான்...”

“பயமா இருக்கா? ரெண்டே வார்த்த சொன்னா போரும். அக்கா மீதிய இழுத்து முடிச்சிருவா. அவளுக்கு மைக்கக் குடுத்தா போதகரே வீட்டுக்குப் போயிருவாரு.” அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பு மெல்ல அடங்கியது. “ஜெஸ்பி, வந்ததுலேருந்து நேத்துதான் நான் முழுசா ஒறங்கினேன். கேட்டியா? எட்டு மணிக்கூர். கனவுல கூட ஒண்ணும் வரல்ல.”

அவள் சொல்ல வந்ததை விழுங்கினாள். இன்று சாட்சி சொல்லிவிட்டால் இனி எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏற முடியாது. சுகமானவளுக்கு எதற்கு டாக்டர் என்பார்கள். சொல்லாவிட்டால் இவன் பெட்டியைப் பிரிப்பான். வேலை போகும். ஜெபத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம்தான் இருந்தது.

முன்ரூமில் அஜிஷா வேதபாடத்தைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரே வரியில் மூன்று தடவை தடுக்கி, மூன்று தடவையும் முதலிலிருந்து தொடங்கினாள்.

*

நேசபாய் எடுத்து வைத்த வெள்ளைச் சேலையைத்தான் கட்டினாள். பாவாடை நாடாவை எவ்வளவு கீழே இறக்கிக் கட்டினாலும் கொசுவம் அந்த இடத்தை உரசாமல் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சூடு. வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றாள். “மொகத்துல என்ன ஒரு தெளிச்சம்!” என்றாள் ஒருத்தி. அது வியர்வை.

பாட்டு முடிந்தது. அஜிஷா தடுக்காமல் வாசித்தாள். போதகர் சுருக்கமாகப் பேசிவிட்டு, “சகோதரி ஜெஸ்பின், நாலு வார்த்தை” என்றார்.

எழுந்தாள். முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், முப்பது முகங்கள்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு நாலு மாசமா வயித்துல வலி.”

இதுவரை உண்மை. இங்கேயே நின்றுகொள்ளலாம் என்று தோன்றியது.

“வலின்னா, வலி மட்டும் இல்ல. தோலு ஒரு மாதிரி. எப்பிடிச் சொல்லன்னு தெரியல்ல. நெறய டாக்டர் பாத்தாவ. ஒண்ணும் இல்லன்னு சொன்னாவ. எங்க மைனி எனக்காக உபவாசம் இருந்தாவ. எங்க வீட்டுக்காரரு வேலையப் போட்டுட்டு வந்தாவ.”

எபிசன் கடைசி வரிசையில் நின்றிருந்தான். கண்களை மூடி, உள்ளங்கைகளை விரித்து வைத்திருந்தான். அந்த முகத்தில் எட்டு மணி நேர உறக்கம் இருந்தது.

“இப்ப...”

நேசபாயின் உதடுகள் அவளுக்கு முன்பே அசைந்தன.

“இப்ப வலி போச்சு.”

ஸ்தோத்திரம் என்ற சத்தம் ஓட்டுக் கூரையைத் தொட்டுத் திரும்பியது. போதகர் முடிவு ஜெபம் செய்தார். சாயாவும் பழம்பொரியும் வந்தன. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கையைப் பிடித்தார்கள். கடைசியில் நேசபாய் வந்தாள். இரண்டு கைகளாலும் தம்பி பெண்டாட்டியை இடுப்போடு வளைத்து, இறுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“தொடாதிங்க!”

அது தன் குரல் என்று ஜெஸ்பினுக்கே தெரியவில்லை. நேசபாயைத் தள்ளியிருந்தாள். பின்னாலிருந்த நாற்காலி சரிந்தது. பழம்பொரித் தட்டு தரையில். அவள் முழங்காலில், இரு கைகளாலும் சேலையை வயிற்றிலிருந்து பிடித்துத் தூக்கிக்கொண்டு, “தொடாதிங்க, தொடாதிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.



“சத்துரு சும்மா விடமாட்டான்,” என்று யாரோ ஜெபத்தைத் தொடங்கினார்கள். இன்னொரு குரல் அவ்வளவு தாழ்ந்ததாக இல்லை. “சத்துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாப்ளய மஸ்கட்டுக்கு விடாம இருக்கப் பண்ணுத வேல.”

*

ஷெர்லின்தான் அவளைத் தாங்கி உள்ளே கொண்டுவந்தாள். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. இப்போது நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சர்ஜரி வார்டு நர்ஸ். இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. ஜெபத்துக்கு வந்ததே பழம்பொரிக்காக என்று வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

கதவைச் சாத்தினாள். “சேலைய அவுரு. மல்லாந்து படு. ரெண்டு கையயும் நெஞ்சுல குறுக்கா வை. எங்க வலி? கையக் காட்டாத. ஒரே ஒரு விரலால காட்டு.”

ஜெஸ்பின் காட்டினாள். யோசிக்கவே இல்லை. விரல் நேராக அந்தப் புள்ளிக்குப் போனது.

“இத்தன டாக்டரும் இதைக் கேக்கல்லியா?”

“வலி எங்கன்னு கேட்டாவ. கையால பொதுவா அமர்த்திப் பாத்தாவ. பொறவு ஸ்கேன் எழுதினாவ.”

ஷெர்லின் ஜன்னலோரம் இருந்த மருந்து ஸ்பூனை எடுத்து இடது வயிற்றில் வைத்தாள். “குளுருதா?”

“ம்.”

வலப்பக்கம் கொண்டுவந்தாள். ஜெஸ்பின் துள்ளினாள். “சுடுது!”

ஷெர்லின் அவள் காட்டிய இடத்தில் தன் ஒற்றை விரலை வைத்து அழுத்தினாள். “பொறுத்துக்க. இப்ப காலு ரெண்டும் கெடக்கட்டும். தலைய மட்டும் தூக்கு.”

தலையைத் தூக்கினாள். வயிறு இறுகியது. அந்த விரலுக்கு அடியில் வலி இரண்டு மடங்காகத் தெறித்தது. தலையணையைக் கடித்தாள்.

“செரி, செரி. போரும்.” ஷெர்லின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் முகம் மாறியிருந்தது. “கேளு. வலி குடலுல இருந்தா, நீ தலையத் தூக்கும்போ தச எறுகி என் விரலத் தடுக்கணும். வலி கொறயணும். ஒனக்குக் கூடுது. அப்ப இது உள்ள இல்ல. மேல, வயித்துச் சொவர்ல. அதுக்குள்ள வார ஒரு நரம்பு எங்கயாவது நெருங்கிக் கெடக்கலாம். ஸ்கேன்ல அது விழாது.”

“அப்ப இது இருக்கா?”

“இருக்கலாம்னுதான் சொல்லுதேன். நான் டாக்டர் இல்ல, கேட்டியா? இருவது வருசத்துல ஒரே ஒரு லாரி டிரைவருக்குப் பாத்திருக்கேன். எங்க சார் இந்த எடத்துல மரக்க ஊசி போட்டுப் பாப்பாரு. அதுதான் அதுக்கு டெஸ்டு. செவ்வாக்கிழம அவருக்கு ஓ.பி. உண்டு. வா. எபிசனக் கூட்டிட்டு வா. ஒத்தைக்கு வந்தா அவரும் ஒன்னிட்ட வீட்டுக்காரர் வெளிநாடான்னுதான் கேப்பாரு.”

ஜெஸ்பின் அழத் தொடங்கினாள். நாலு மாதத்தில் வலிக்காக அல்லாமல் அழுதது இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை என்ற சொல் அதன்பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஷெர்லின் கதவைத் திறந்தபோது எபிசன் வெளியே நின்றிருந்தான். அவள் அவனிடம் ஏதோ சொன்னாள். நரம்பு, ஊசி, செவ்வாய். அவன் கேட்டானா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். முன்ரூமில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

அவன் உள்ளே வந்தான். பாதி கட்டிய பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

“அக்கா பின்வாசல்ல இருக்கா. ஒருத்தர்ட்டயும் பேசல்ல.”

“நான் அவியளத் தள்ளணும்னு...”

“ஒண்ணே ஒண்ணு சொல்லு.” அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். “இன்னைக்குச் சொன்னது பொய்யா, நாலு மாசமாச் சொன்னது பொய்யா?”

“இன்னைக்குச் சொன்னது.”

“சபைக்கு முன்னால?”

“உங்களுக்கு முன்னால.”



“நான் கண்ண மூடிட்டு நின்னேன் ஜெஸ்பி. முழுசா நம்பினேன். நீ அவ்வளவு நல்லாச் சொன்ன.” பெட்டியைப் பார்த்தான். “அவ்வளவு நல்லாப் பொய் சொல்ல ஒனக்குத் தெரியும்னா, மத்ததெல்லாம் எதை வச்சு நான் நம்ப? வெளிய அவளுவ சொல்லுதாளுவ, நான் போகாண்டாம்னு நீ...”

“நீங்களும் அப்பிடி நெனக்கியளா?”

“எனக்கு நெனக்கத் தெரியல்ல. டாக்டர் ஒண்ணு சொல்லுதாரு, அக்கா ஒண்ணு சொல்லுதா, அந்த நர்ஸ் ஒண்ணு சொல்லுதா. நீ ரெண்டு சொல்லுத. நான் இந்தப் பெட்டியக் கட்டவா, அவுக்கவா?”

அவளிடம் இனி சொல்வதற்கு வார்த்தைகள் இல்லை. இருந்ததையெல்லாம் நாலு மாதமாகச் செலவழித்தாயிற்று. குத்துது, எரியுது, குளிருது, ஊருது. எல்லாவற்றையும் யார் யாரோ கேட்டுத் தலையாட்டிவிட்டார்கள். கடைசியாக மிச்சமிருந்த ‘வலி’ என்ற வார்த்தையையும் இன்று முப்பது பேருக்கு முன்னால் பொய்க்குக் கொடுத்துவிட்டாள்.

அவன் வந்த நாளிலிருந்து அவளைத் தொடவில்லை. அவள்தான் வேண்டாம் என்றிருந்தாள். ஒரே கட்டிலில், நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, அவன் பக்கம் அவனும் இவள் பக்கம் இவளுமாக உறங்காமல் கிடந்தார்கள். அவன் கைக்கு அவள் வயிறு எப்படி இருக்கும் என்றே இந்நேரம் மறந்திருக்கும்.

மல்லாந்து படுத்தாள். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டாள். பயத்தில் வயிறு முன்பே இறுகத் தொடங்கியிருந்தது.

“இங்க வாங்க,” என்றாள். “உங்க விரல இந்த எடத்துல வச்சு அமர்த்துங்க. நான் தலையத் தூக்குதேன்.”